முதல் இரை

“இந்தப் படத்துலயாவது உயிரோட இருப்பீங்களா?”

ஊசியில் நூலைக் கோத்தபடியே மனைவி கேட்டாள். படக் கம்பெனியின் உடைப் பிரிவில் தையல் வேலை அவளுக்கு. அதே கம்பெனியில் அவன் துணை நடிகன்.

“என்னைக் கேட்டா? மிருகத்தைத்தான் கேக்கணும்” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கம்பெனி எடுப்பதெல்லாம் ராட்சத மிருகப் படங்கள். எதிலும் அவன் முதல் காட்சியைத் தாண்டியதில்லை. காவலாளியாக நின்றான், பல்லி மிதித்தது. மீனவனாகப் போனான், நண்டு இரண்டாகக் கிள்ளியது. போன படத்தில் சமையல்காரன். கரண்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டது. கதாநாயகனும் அவன் கூட்டமும் வெள்ளை வெளேரென்று கடைசி வரை ஓடிக்கொண்டே இருப்பார்கள். படத்திலிருக்கும் ஒரே கறுத்த முகம் இவனுடையது. அது பெயர் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

பிழைப்பு நடந்தால் சரி என்றுதான் இருந்தான். ஆனால் அன்று சாயங்காலம் மகள் பள்ளிப் பையை மூலையில் வீசிவிட்டு வந்து நின்றாள்.

“இனிமே உன் படத்துக்கு நான் வர மாட்டேன்ப்பா. ‘உங்க நிறத்துல இருந்தா மிருகம் முதல்ல தின்னுடும்’னு சொல்றாங்க. விளையாடுறப்ப என்னைத்தான் முதல்ல சாகச் சொல்றாங்க.”

மனைவி எழுந்து போய் அந்தப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

சில நாள் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரு மதியம் டைரக்டரின் அறைக் கதவைத் தட்டினான்.

“சார், தப்பா நினைக்காதீங்க. ஊர்ல எல்லா நிறத்துலயும் ஆளுங்க இருக்காங்க. மிருகத்துக்கு மட்டும் ஏன் சார் எங்க நிறம்தான் ருசிக்குது?”

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தான். அவர் சிரித்தார்.

“உட்காருங்க. இந்தப் படத்துல நீங்க சாகல. கதாநாயகியோட படகுல தப்பிக்கிற டாக்டர் நீங்கதான். கடைசி ஷாட்ல உங்க முகம்.”

இன்னும் எவ்வளவோ பேசத் தயாராக வந்திருந்தான். எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தான்.

“பேசற விதத்துல பேசினா யாரா இருந்தாலும் கேப்பாங்க, தெரியுமா? ஒரே ஒரு கேள்விதான். மனுஷன் ஆடிப் போயிட்டார்!”

“பரவாயில்லையே” என்றாள் மனைவி, மகளின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே. “நல்லா நடிங்க.”

படம் வெளியான அன்று மூவரும் திரையரங்குக்குப் போனார்கள். மகளைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வர வேண்டியிருந்தது. விளக்கு அணைந்ததுமே அவள் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“கையை எடுடா கண்ணு. இந்தத் தடவை முதல்ல சாகறது அப்பா இல்லை” என்று காதோரம் சொன்னான்.

திரையில் துறைமுகம். பனிமூட்டம். காவலாளி உடுப்பில் ஓர் உருவம் டார்ச் அடித்தபடி போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கடல் மலைபோல எழுந்தது. உருவம் திரும்பி வீறிட்டது.

“அப்பா, அது அம்மா!” என்று கத்தினாள் மகள்.

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. மிருகம் அவன் மனைவியை இடுப்போடு கவ்வித் தூக்கியது. திகைத்துப்போய்ப் பக்கத்து இருக்கைக்குத் திரும்பினான்.

“நீங்க கேக்கறதுக்கு முந்தின நாளே நான் போய்க் கேட்டுட்டேன்” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘அவரை வேணா விட்டுடறேன், ஆனா அந்த நிறத்துல ஒருத்தர் முதல்ல போயே ஆகணும்’னார். சரி, நான் போறேன்னுட்டேன்.”