மூன்றாவது மணி

நாடக அரங்கின் கதவை மூடப்போன வாசல்காரரின் கையை எட்டிப் பிடித்தார் ஒரு பெரியவர்.

"ஒரே நிமிஷம் தம்பி! வந்துடுவா."

"மூணாவது மணி அடிச்சாச்சு சார். மூடினா இடைவேளைக்குத்தான் திறப்போம். நீங்களாவது உள்ளே போங்க."

"தனியாப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அதற்குள் அவர் காத்திருந்த அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். "போன வார நாடகத்துல வந்த ஆள் மாதிரி, இன்னிக்கும் சாகறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் வசனம் பேசுவாங்களா?"

"இன்னிக்குப் பாட்டு நாடகம். செத்த பிறகும் பாடுவாங்க."

"உங்களுக்குத்தான் பாட்டுன்னா கசக்குமே!"

"கதை நடுவழியில நின்னுடுதேன்னு சொல்றேன்."

"நிக்கட்டுமே. நின்னு பாடினாத்தான் மனசுல இருக்கறது வெளியில வரும்."

உள்ளே போனார்கள். இடைவேளையில் அந்த அம்மாளுக்குச் சர்க்கரை இல்லாத காபியை அவரே வாங்கி வந்தார். நாடகம் முடிந்து வெளியே வரும்போதும் கடைசிப் பாட்டு தேவையா, இல்லையா என்று சண்டை ஓயவில்லை.

வாசல்காரர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை தவறாம வர்றீங்க. அடுத்த வாரமாவது வீட்லேர்ந்து சேர்ந்தே கிளம்பி வாங்கம்மா. கதவோட என்னால மல்லுக்கட்ட முடியலை."

அந்த அம்மாள் பதில் சொன்னார்.

"எந்த வீட்லேர்ந்து தம்பி? எங்களுக்கு விவாகரத்தாகி ஒன்பது வருஷமாச்சு. வீடு, நாய், நாற்காலின்னு எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டோம். நாடகம் பார்த்துட்டுச் சண்டை போடத்தான் ரெண்டு பேருக்கும் வேற ஆள் கிடைக்கலை."