ஏழு விநாடி தாமதம்

ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன் வேட்பாளர் சட்டைப் பையிலிருந்து தன் அம்மாவின் படத்தை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "அம்மா பாத்துக்கிட்டு இருந்தாதான் எனக்குப் பேச்சு வரும்" என்றார். வானொலியில் படம் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் வைத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா போய் மூன்று மாதம்தான் ஆகிறது. நாளை மறுநாள் தன் ஓட்டு இவருக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டாள்.

அவள் கைக்கடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. நேயர்கள் போனில் பேசும் நேரடி நிகழ்ச்சி என்பதால், அறைக்குள் பேசுவது ஏழு விநாடி கழித்துத்தான் வெளியே கேட்கும். யாராவது ஏடாகூடமாக எதையாவது உளறினால், அதற்குள் பொத்தானை அமுக்கி அழித்துவிடலாம்.

வேட்பாளர் ஊரறிந்த அந்தக் கதையை ஆரம்பித்தார்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில கட்டில் இல்லன்னு அம்மாவை வராந்தாவுல படுக்க வெச்சிருந்தேன். 'குளிருதுப்பா'ன்னாங்க. போர்வை வாங்கிட்டு வரேன்னு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள..." குரல் தழுதழுத்தது. "நான் ஜெயிச்சா, இந்தத் தொகுதியில இன்னொரு தாய் அப்படிச் சாக மாட்டா."

தொகுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப நம்ம முதல் நேயர். வணக்கம்மா, எங்கேருந்து பேசறீங்க?"

பதிலுக்கு முன்னால் எங்கோ ஒரு மணி அடித்தது. தட்டுகள் கலகலத்தன. பிறகு ஒரு வயதான குரல் மெதுவாகக் கேட்டது.

"சாப்பிட்டியா கண்ணு?"

வேட்பாளர் சிரித்தார். ஒரு மாதமாக வீடு வீடாகச் சிரித்துப் பழகிய சிரிப்பு. "இனிமேதாம்மா. உங்க குறை என்னன்னு சொல்லுங்க."

"குறை என்னப்பா குறை. குளிருது. போர்வை வாங்கிட்டு வரேன்னு போனியே."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, இது நேரடி நிகழ்ச்சி. இதுல போய் விளையாடலாமா?" என்று தொகுப்பாளர் குறுக்கே புகுந்தார்.

"நான் எதுக்கு விளையாடறேன்? பச்சைப் போர்வை வாங்கு, நீலம் வேணாம், சாயம் போகும்னு சொல்லி அனுப்பினேன். ஞாபகம் இருக்கா கண்ணு?"

வேட்பாளரின் பேச்சை இன்ஜினியர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பச்சை, நீலம் என்று எந்த மேடையிலும் அவர் சொன்னதே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் கை தானாகப் போய் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தது.

"இங்க எல்லாரும் நீ பேசறதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றது குரல். "உன் புள்ளை எப்ப வருவான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

லைன் அறுந்தது.

"ஒரு... ஒரு சின்ன இடைவேளை" என்று எப்படியோ சொல்லி முடித்த தொகுப்பாளர், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வரவேற்பறைக்கு ஓடினார்.

உடனே பாட்டைப் போட்டு மைக்கை மூட வேண்டியவள் இன்ஜினியர். அவளுக்குக் கை ஓடவில்லை. செத்துப்போனவர்கள் போனில் பேசுவார்கள் என்றால் என் அம்மா மட்டும் ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். மைக் திறந்தே கிடந்தது.

இடைவேளை என்று நம்பிய வேட்பாளர் தன் செல்போனை எடுத்து அவசரமாக ஏதோ எண்ணை அழுத்தினார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அடிக்குரலில் பேசினார். ஹெட்போன் மாட்டியிருந்த இன்ஜினியருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

அவள் அழுகை சட்டென்று நின்றது. விரல் பொத்தானுக்குப் போனது. அமுக்கினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. கவிழ்ந்து கிடந்த படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விரலை எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வரவேற்பறையில் வேட்பாளரின் டிரைவரும் காவலாளியும் பேட்டிக்காகக் காத்திருந்த நான்கு நிருபர்களும் வானொலிப் பெட்டியைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள். கிளாஸும் கையுமாகத் தொகுப்பாளரும் அங்கேயே நின்றுவிட்டார். வேட்பாளரின் குரல் பெட்டியிலிருந்து வந்தது.

"முதியோர் இல்லமா? எங்கம்மா கையில யாருய்யா போனைக் குடுத்தது?"