தூக்குச்சட்டி

நிலாந்தினி தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு பயறுகூட உள்ளே ஒட்டியிருக்கவில்லை. நக்கித் துடைத்ததுபோல் பளபளத்தது.

"எல்லாம் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். ஒண்டும் மிச்சம் விடேல்லை," என்றான் அவள் கணவன் பிரதாபன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சட்டியைக் கழுவக் கொண்டுபோனாள். அவளிடம் பிரதாபனுக்குப் பிடித்ததே இந்த மௌனம்தான்.

கரம்பொன் கூட்டுறவுச் சங்கக்கடையில் அவன் மனேச்சர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போவான். ஒரு சீனி மூட்டையை நகர்த்தினால் கதிரையில் இருந்து நெடுநேரம் மூச்சு வாங்குவான். உடம்பில் சீனி இறங்காவிட்டால் அடுத்த முறையிலிருந்து தினமும் ஊசிதான் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பிரதாபன் எழுந்து வெளியே போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டான். மிச்சத்தை டொக்டர் நிலாந்தினியிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் குசினியைத் தலைகீழாக்கினாள். தீட்டிய அரிசி, பொரித்தது, பைக்கற்றில் வந்தது எல்லாம் வெளியே போயின. மறுநாள் காலை அவன் முன்னால் ஒரு பெரிய உருண்டை வந்து இருந்தது. அவித்த பயறு, தோலோடு ஊறிய உளுந்து, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், எள்ளு, முருங்கையிலை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. உப்பு இருந்ததா என்பது அவனுக்குச் சந்தேகம்.

"இது பக்கத்து வளவுத் தம்பிஐயா அண்ணை சவாரி மாட்டுக்கு வைக்கிற சாப்பாடெல்லோ," என்றான்.

"அந்த மாட்டையும் பாருங்கோ, உங்களையும் பாருங்கோ."

அவன் யன்னலால் மாட்டைப் பார்த்தான். பிறகு தன் வயிற்றைப் பார்த்தான்.

அன்று அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து உருண்டையை வேலிக்கு அப்பால் எறிந்தான். காகங்கள் ஊரையே கூட்டின. நாய் வந்து முகர்ந்துவிட்டு, அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வளவில் நின்ற கறுவல் மட்டும் கயிறு அறுந்துவிடும்போல இழுத்து, வேலிப்பக்கம் நாக்கை நீட்டியது. வண்டிச் சவாரிப் போட்டிக்கென்று தம்பிஐயா வளர்க்கும் மாடு அது.

மறுநாள், வெளிக்காற்றில் இருந்து சாப்பிட்டால்தான் சத்து உடம்பில் பிடிக்குமாம் என்று நிலாந்தினியிடம் சொன்னான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உருண்டையைத் தூக்குச்சட்டியில் வைத்து மூடிக் கொடுத்தாள். கறுவல் அதை இரண்டு வாயில் முடித்து, சட்டியையும் நக்கித் தந்தது.

ஒரு கிழமை வசதியாகப் போனது. பிறகொரு காலை அடுத்த வளவில் மாட்டைக் காணவில்லை. தேடிப் போனால் கோயில் வெளியில் நின்றது. அடுத்த கிழமை அங்கும் இல்லை, சுருவில் ஊருக்குப் போகும் றோட்டு மதகடியில் நின்றது. பிறகு அதையும் தாண்டி, கடற்கரையோரத்து உவர்த்தரையில்.

மோட்டார் சைக்கிளை எடுக்கவும் வழியில்லை. காலைச் சாப்பாட்டுக்கு யார் மோட்டார் சைக்கிளில் போவார்கள்? சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்ப வேண்டியிருந்ததால் வரும்போது பாதி வழி ஓட்டம்.

ஒருநாள் தம்பிஐயாவைக் கண்டு, பட்டும் படாமலும் கேட்டான்.

"மாட்டை ஏன் அண்ணை அவ்வளவு தூரத்திலை கட்டுறியள்? அங்கை புல்லுமில்லையே."

"அதுக்குக் கடல்காத்து வேணும், தம்பி," என்றார் தம்பிஐயா. பிறகு மழை வருமா என்பதுபோல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளினிக் நாள் நெருங்க, பிரதாபனுக்கு நித்திரை போனது. வெறும் சட்டியைக் காட்டி நிலாந்தினியை ஏய்க்கலாம், இரத்தம் எடுத்துப் பார்க்கிறவர்களை ஏய்க்க முடியாது. ஊசி ஒரு பக்கம். அவள் இடித்ததும் அவித்ததும் முழுக்க மாட்டுக்குப் போனது வெளியில் வந்தால், அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது இன்னொரு பக்கம்.

டொக்டர் றிப்போட்டை இரண்டு தரம் பார்த்தார். சீனி இறங்கியிருந்தது. பிறசரும் இறங்கியிருந்தது. வயிறு இறங்கியது றிப்போட் இல்லாமலே தெரிந்தது. ஊசி தேவையில்லை, செய்வதை விடாமல் செய்யுங்கள் என்றார்.

"எல்லாம் இவவின்ரை சாப்பாடுதான், டொக்டர்," என்றான் பிரதாபன்.

நிலாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவன் கணக்குப் போட்டான். தின்றது மாடு. சுகம் வந்தது தனக்கு. எந்தப் பக்கம் திருப்பி யோசித்தாலும் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது.

அன்று பின்னேரமே உவர்த்தரைக்கு நடந்து போனான். கறுவலின் நெற்றியில் திருநீறு பூசி, கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை போட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான். கறுவல் மாலையையும் தின்றது.

அந்த நேரம் வீட்டில் நிலாந்தினி தம்பிஐயாவுக்குப் போன் எடுத்தாள். ஊசி தேவையில்லையாம் என்ற செய்தியைச் சொன்னாள். பிறகு படலைப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, நாளைக்கு மாட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கோ."