பழனாத்தாள் கேட்ட கேசட்

"அந்தக் கோழிப்பண்ணை அம்மாவுக்கு எதுக்கு, எழில், கேசட்டைக் குடுத்தே?"

காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டாள் கிருபா.

"ரெண்டு வாரம் முன்னால தோப்பு பாக்க வந்தப்பக் கேட்டாங்க, குடுத்தேன். நம்ம மியூசிக்கை வேணும்னு கேட்டு வாங்குன மொத ஆள் அவங்கதான்," என்றான் எழில்.

சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு. தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத்து ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சு மேல் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கீபோர்டு. நான்கு தென்னைகளின் அடியில் நான்கு ஸ்பீக்கர் பெட்டி.

இவர்கள் வாசிப்பதில் பாட்டும் கிடையாது, ராகமும் கிடையாது. திம் திம் என்று ஒரே தாளம், அதன்மேல் கம்ப்யூட்டர் போடும் இரைச்சல். டெக்னோ என்று பெயர். போஸ்டர் ஒட்டாமல் காதோடு காதாகச் சொல்லி வரவழைத்ததில் நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே வாசித்தவர்களுக்கு, ஆள் முன்னால் வாசிப்பது இதுதான் முதல் தடவை. பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிப்பதாக ஏற்பாடு.

பத்தேகால் வரைக்கும் எல்லோரும் ஆடினார்கள். அப்போதுதான் தோப்புக்காரர் பாலுசாமி மொபெட்டில் வந்து இறங்கிக் கையைக் காட்டினார். எழில் நிறுத்தினான்.

"ஏந் தம்பி, நாலு நாளா ஊருக்குள்ள தலை காட்ட முடியலீங்க. காலைல அஞ்சு மணிக்கு உங்க சத்தம், சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க சத்தம். டீக்கடைல என்னையப் புடிச்சுக் கேக்கறாங்க, உங்க தோப்புல ரைஸ் மில்லா வெக்கறீங்கன்னு!"

"நாங்க இன்னைக்குத்தானுங்கண்ணா வாசிக்கவே வந்தோம்!"

"நீங்க வாசிக்கலீங்க. பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைல உங்க கேசட்டுத்தான் ஓடுது."

கிருபா எழிலைப் பார்த்தாள். எழில் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"ஊர்க்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன்," என்றார் பாலுசாமி. "ஆனா பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்பறம் நடத்த முடியாதுங்க. வேலிக்கு வேலி இருக்கறவங்க. நாளைக்கு நான் அவங்க முகத்துல முழிக்கோணும்."

மொபெட் போய்விட்டது.

"இப்பப் புரியுதா?" என்றாள் கிருபா. "நேராச் சொன்னா அவங்களுக்குக் கெட்ட பேரு. அதான் உன்கிட்டயே கேசட் வாங்கி, ஊரையே நமக்கு எதிராத் திருப்பி விட்டிருக்காங்க. நீ வேற ரசிகைன்னு நெனைச்சு உருகிட்டிருக்கே."

எழில் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து திம் திம் என்று கேட்டது. அவனுடைய தாளம்தான். இவர்கள் நிறுத்தி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"கேலி பண்றாங்க பார்," என்றாள் கிருபா.

மர நிழலில் நின்ற நாற்பத்தாறு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். எழிலுக்குக் காது சூடாகிவிட்டது.

"இரு, கேசட்டை வாங்கிட்டு வாரேன். நாலு வார்த்தை கேட்டுட்டும் வாரேன்."

வேலியைச் சுற்றிக்கொண்டு போனான். நீளமான கொட்டகை. வாசல் தூணில் ஒரு டேப் ரிக்கார்டர் தொங்கியது. தீவன வாளியோடு நின்ற பழனாத்தாள், அவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங் கண்ணு, நிறுத்திப்போட்டீங்க? மிசினு கெட்டுப்போச்சுங்களா?"

எழில் கேசட்டை எடுக்க டேப் ரிக்கார்டரை நோக்கி வேகமாக நடந்தான்.

"மெல்ல வாங்க. புது ஆளப் பாத்தா மெரளும்."

உள்ளே எட்டிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று இரண்டாயிரம் கோழிகள். தலைக்கு மேல் அவனுடைய தாளம் இடித்துக்கொண்டிருந்தது. அவை பாட்டுக்குத் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன.

"திடீர்னு ஒரு சத்தம் கேட்டாப் போதுங் கண்ணு. அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்துப்போயிரும். தீபாவளிக்கு எவனோ ஒரு வெடி போட்டான். நூத்திப் பதினெட்டுப் போச்சு."

எழில் டேப் ரிக்கார்டரைப் பார்த்தான்.

"உங்க சத்தத்துக்கு இதுகளப் பழக்கறதுக்குத்தான் கேசட்டு வாங்குனேன். மொத நாளு சத்தத்த ஒண்ணுல வெச்சேன். மறுநாளு ரெண்டு. அப்படியே திருகித் திருகி, பத்தாம் நாளு பத்துக்கு வந்துருச்சு. ஊர்ல திட்டுனாங்க. திட்டட்டும், அவங்க செத்தா போயிருவாங்க? இன்னைக்கு நீங்க பாதியில நிறுத்துனதும் இதுக தலையத் தூக்கிப் பாத்துதுக. அதான் பதறிப்போயி இதப் போட்டுட்டேன். இனி நீங்க எத்தன சத்தம் வேண்ணாலும் வெய்யுங்க."



"இவ்வளவு பாடு எதுக்குங்கம்மா? பாலுசாமியண்ணன்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே. நாங்க நடத்தியிருக்கவே மாட்டோம்."

பழனாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அதனாலதான் கண்ணு சொல்லல."