கல் ஏந்திய கொக்கு

சாய்சதுரப் பலகையை மூடியிருந்த துணியை ஓவியர் ஏமஸ் டில்லெட் விலக்கினார். கார்ஸ்விக் சீமாட்டி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கல்லை எடுத்துடுங்க, டில்லெட்."

இன்னும் அரைமணியில் பிரபுவின் நல்லடக்கம். அதற்குள் இந்தத் துக்கப் பலகை மாளிகை வாசலுக்கு மேலே ஏறியாக வேண்டும்.

இடப்பாதி கறுப்பு, இறந்த கணவனுக்கு. வலப்பாதி வெள்ளை, உயிரோடிருக்கும் மனைவிக்கு. நடுவே குடும்பத்தின் கேடயம். நீலத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. தூக்கிய காலில் ஒரு கல்.

காவல் நிற்கும் கொக்கு கண்ணயர்ந்தால் கல் விழும். விழுந்தால் கொக்கு விழித்துக்கொள்ளும்.

நானூறு வருடங்களாக கார்ஸ்விக்குகள் அந்தக் கல்லைக் கீழே போட்டதில்லை. வாயிற்கதவில், வண்டியில், சூப் கரண்டியின் காம்பில்கூட அது இருந்தது.

"கல் இல்லேன்னா அது காவல் கொக்கு இல்லீங்கம்மா, மீனுக்கு நிக்கிற கொக்கு," என்றார் ஏமஸ். "கேப்டன் துரை பார்த்தார்னா, அப்புறம் நார்ஃபோக்குல ஒரு வீட்டுலயும் எனக்கு வேலை கிடைக்காது."

கேப்டன், இறந்தவரின் தம்பி. இனி அவர்தான் பிரபு.

சீமாட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வயித்துல கட்டி. பதினாலு மாசம். வலியில துடிப்பார். ஆனா தூக்க மருந்து குடுத்தா பல்லைக் கடிச்சுக்குவார். தூங்கிட்டா கார்ஸ்விக் இல்லேன்னு ஆயிடுமாம்."

ஏமஸ் தூரிகையைத் துணியில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"தூக்கத்துலயே அமைதியாப் போனார்னு சொன்னாங்களே அம்மா."

"ஆமா. ஆனா கல் தானா விழல. செவ்வாய்க்கிழமை அவரே கையை நீட்டினார். வைத்தியர் ஒரு வாரத்துக்குக் குடுத்திருந்த அபினி மருந்து. பூராவையும் ஒரே கிளாஸ்ல ஊத்தினேன்."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"யார் கேட்டாலும் சொல்லிடப் போறேன். மறுபடியும் அந்தக் கல்லோட அவரை மேல ஏத்தாதீங்க."

ஏமஸ் பலகையைப் பார்த்தார். கறுப்பை அல்ல, வெள்ளைப் பாதியை.

பிறகு நீலத்தைக் குழைத்தார். நாலு இழுப்பில் கல் மறைந்தது. கொக்கின் விரல்கள் ஒன்றையும் பிடிக்காமல் காற்றில் நின்றன.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

"என்னய்யா டில்லெட், இன்னும் கொக்குக்குச் சோறு ஊட்டிக்கிட்டா இருக்கே? வண்டியெல்லாம் வந்தாச்சு, தூக்குங்கய்யா மேல..." என்று வந்த கேப்டன் நின்றார். "கல் எங்கே?"

சீமாட்டி எழுந்தார். "லூக்கஸ், நான் சொல்றேன். செவ்வாய்க்கிழமை..."

"மறந்துட்டேன், துரை!"

பெரிய வீட்டார் பேசும்போது ஏமஸ் அதுவரை குறுக்கே பேசியதில்லை.

"கண்ணு சரியில்லீங்க. ஆறு மாசமாவே தப்புத் தப்பாத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். வெளியில சொல்லல."

கேப்டனின் முகம் சிவந்தது. குடிகாரன் என்றார். குருடன் என்றார். இந்த ஊரில் இனி நீ வேலிக் கம்பத்துக்குக்கூட வண்ணம் அடிக்க மாட்டாய் என்றார்.

நீலம் இன்னும் காயவில்லை; விரல் பட்டால் அடியில் கல் தெரிந்துவிடும். கேப்டன் கத்தி முடிக்கும்வரை ஏமஸ் அந்த இடத்தைத் தன் உடம்பால் மறைத்தபடியே நின்றார்.