நீட்டாமல் சொல்லுங்கள்

மூச்சை நிறைய இழுத்து, "ஆ" என்று பிடித்தாள்.

குரலைக் காட்டும் திரையில் கோடு நெளிந்தது.

"போதுங்கம்மா," என்றாள் நஸ்ரின். பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். முகம் பார்த்துப் பேசுகிற நல்ல பெண்.

இந்தக் குரல் நடுக்கம் பயமில்லை. அழுகையும் இல்லை. குரல்வளைத் தசை தானாக ஆடுகிற நோய். நாலு வருடமாக இருக்கிறது. "ஏம்மா ஆடாட்டம் கத்தறே" என்று மகள் கேலி செய்த காலத்திலேயே இருந்தது.

அந்த மகளைத்தான் ஒரு காலேஜ் பஸ் பின்னாலிருந்து வந்து ஏற்றிக் கொன்றது. டிரைவர் காதில் போன் இருந்ததைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் அவள் சாட்சியை முடித்துவிட்டார். பொய் சொல்கிற குரல் எப்படி நடுங்குகிறது பாருங்கள் என்றார். ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொடுக்கலாம்தான். ஜட்ஜ் காதில் விழப்போவது சர்டிபிகேட் இல்லையே.

மிச்ச விசாரணை வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.

நோயைப் போக்க முடியாது, மறைக்கலாம் என்றாள் நஸ்ரின். இழுத்துப் பேசினால்தான் நடுக்கம் தெரியும். எதையும் நீட்டாமல் வெட்டி வெட்டிப் பேச வேண்டும்.

வெட்டிப் பேசினாள்.

காலை எட்டே கால். பஸ் நம்பர். காதில் போன். ஒவ்வொன்றாக வெட்டினாள். கோடு கிட்டத்தட்ட அடங்கிவிட்டது.

"இப்பப் பொண்ணு பேருங்கம்மா."

"மேகலா."

கோடு துள்ளியது.

அந்தப் பெயரை அவள் ஒருநாளும் வெட்டிச் சொன்னதில்லை. மொட்டை மாடியிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் பதினெட்டு வருடம் இழுத்தே கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை வந்து நின்றுவிடும்.

"வேற எப்படிக் கண்ணு கூப்பிடறது?"

நஸ்ரின் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிட வேண்டாங்கம்மா. சொன்னாப் போதும்."

பத்துத் தடவை முயன்றாள். சரிப்படவில்லை.

பதினொன்றாவது தடவை பெயர் சட்டென்று வந்து விழுந்தது. குட்டையாக இருந்தது. கோடு ஆடவில்லை.

நஸ்ரின் முகம் மலர்ந்துவிட்டது. "இதேதாங்கம்மா. இப்படியே கோர்ட்டுல சொல்லுங்க."

அவளுக்குத் தன் வாயின் மேலேயே வெறுப்பாக இருந்தது. பிணவறை வாசலில் ஒருவர் சீட்டைப் பார்த்து இந்தப் பெயரை இப்படித்தான் படித்தார். அது தன் மகள் பெயர் என்று அன்றைக்கு அவளுக்கு உடனே புரியவில்லை.

"இன்னொரு தடவைங்கம்மா."

நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

சொன்னாள்.

இந்தத் தடவையும் நடுங்கவில்லை.