உப்புத் தண்ணீரில் போட்ட ஆணி

இளையதம்பி முத்திரையை மையில் ஒற்றித் தாளின் அடியில் அழுத்திக் குத்தினார். ‘எம்மால் பரிசோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்ற எழுத்துகளும், கீழே கொம்பனிக்கு இட்டிருந்த அவருடைய தகப்பன் பெயரும் பிசிறில்லாமல் விழுந்தன.

பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அதற்குள் மயிலிட்டிக் கடல் தண்ணீரில் சில நாட்களாகக் கிடந்த கூரை ஆணி, செம்மண் குழைத்துப் பூசியதுபோலக் கறள் பிடித்திருந்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி மகாதேவி அதைப் பார்த்துவிட்டாள். “உதுக்கோ முத்திரை குத்திறியள்?”

“ஓம். சம்பந்தியின்ரை கடை ஆணி.”

மயிலிட்டித் துறைமுகத்தில் வலை தைப்பதற்கு ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. கொந்தராத்து இளையதம்பிக்கு. எந்தப் பொருளானாலும் மாதிரியை முதலில் அவர் சோதித்து முத்திரை குத்த வேண்டும். அதன் பிறகுதான் அது கட்டடக் கலைஞர் ஆரபியின் கந்தோருக்குப் போகும். அவள் சரியென்றால் பொருள் கூரையேறும்.

உப்புக்காற்றுக்குக் கறள் பிடிக்காத ஆணிதான் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆணி கொடுப்பவர் சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் மார்க்கண்டு. ஒரே மகள் சுபாஜினி வாழ்க்கைப்பட்டுப் போன வீடு அது.

“கூடாதெண்டு அவரிட்டையே சொல்லுறதுதானே?”

“பிள்ளை அங்கை வயித்தோடை நிக்கிறாள். மாமன்காரன்ரை முகத்திலை ஆணியை எறிஞ்சுபோட்டு எந்த முகத்தோடை அந்தப் படி ஏறுறது?”

“உங்கடை தம்பியாருக்கு நீங்கள் முகம் பாக்கேல்லையே. பள்ளிக்கூடக் கூரைக்கு அவர் கொண்டந்த மரத்தை ஊர் பாக்கத் திருப்பி அனுப்பினனீங்கள்.”

“அனுப்பினன். அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வந்தவன், கேற்றுக்கு வெளியிலை நிண்டு பாத்திட்டுப் போனான். என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.” இளையதம்பி முத்திரையைத் துணியால் துடைத்தார். “ஒருக்காச் செய்தது காணும்.”

“அப்ப சனத்தின்ரை தலையிலை கூரை விழட்டும் எண்டுறியளோ?”

“விசர்க்கதை கதையாதை. அந்த ஆரபிப் பிள்ளையைத் தெரியாதே உனக்கு? சண்டிலிப்பாயிலை கொந்தராத்துக்காரன் றெஜி குடுத்த மாபிளின்ரை நிறம் ஒரு பொட்டு மாறினதெண்டு மூண்டுதரம் திருப்பினவள். உதைக் கண்டால் விடுவாளே? மாட்டன் எண்டு சொல்லப்போறது அவள். எனக்கும் சம்பந்திக்கும் இடையிலை ஒண்டுமில்லை.”

மகாதேவி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். “உங்கடை முத்திரையோடை போன சாமான் ஒண்டும் இண்டைவரை திரும்பி வந்ததில்லை. இது வந்தால் அவமானமில்லையோ?”

“என்ரை அவமானம்தானே. நான் தாங்குவன்.”

கறள் பிடித்த ஆணியை எடுத்து, பொதியில் மற்ற ஆணிகளுக்கு மேலே வைத்தார். பிரித்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பிறகு நூல் சுற்றி, வலைக்குப் போடும் முடிச்சுப் போட்டார். தகப்பனிடம் பழகிய முடிச்சு. கத்தி வைக்காமல் அவிழாது.

அடுத்த கிழமை மார்க்கண்டு ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு நேரே வீட்டுக்கு வந்தார். மற்றக் கையில் ஆரபியின் கந்தோரிலிருந்து திரும்பிய பொதி.

“அந்தப் பக்கம் போனனான் சம்பந்தி, கையோடை வாங்கிக்கொண்டு வந்திட்டன். ஒரு கதையும் இல்லை, சரியாம். ஆணி ஏத்தின லொறி காலமையே மயிலிட்டிக்குப் போட்டுது. சுபாதான் இண்டைக்கு வீட்டிலை பாயாசம் காய்ச்சினவள்.”

இளையதம்பி பொதியோடு வந்த தாளைப் பார்த்தார். தன் முத்திரைக்குப் பக்கத்தில் ஆரபியின் கையெழுத்து இருந்தது. பொதியைத் திருப்பினார். முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது, கத்தி படவில்லை.

மார்க்கண்டு கதிரையில் சாய்ந்து ஒரு பழத்தை உரித்தார். இளையதம்பி அவரைப் பார்த்தபடியே தொலைபேசியை எடுத்தார்.

“பிள்ளை, நான் இளையதம்பி. அந்தக் கூரை ஆணியைப் பாத்தனீங்களோ?”

“இல்லை ஐயா.” குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

“றெஜியின்ரை மாபிளை மூண்டுதரம் பாத்தனீங்கள்.”

“அது றெஜியின்ரை ஐயா. அவரின்ரை முத்திரையை நம்பேலாது.”

“என்ரையை?”

“என்ன கேள்வி ஐயா? நான் அந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். சொந்தத் தம்பியின்ரை மரத்தையே திருப்பி அனுப்பின ஆள் அனுப்பின பொதியை நான் ஏன் பிரிக்கவேணும்?”